14 வெற்றி... 0 புள்ளி! ஜெயித்தும் கணக்கில் வராத ஒரு சீசனின் கதை

2010 செப்டம்பர். ஆஸ்திரேலியாவின் தேசிய ரக்பி லீக் தொடரில் லீக் சுற்று முடிந்து, இறுதிப் புள்ளிப்பட்டியல் வெளியானது. மொத்தம் 16 அணிகள். பட்டியலின் அடியில், கடைசி இடத்தில் இருந்த அணியின் கணக்கு இது: ஆட்டம் 24, வெற்றி 14, தோல்வி 10, புள்ளி 0.

விஷயம் தெரியாதவர்கள் பார்த்தால் அச்சுப்பிழை என்றுதான் நினைப்பார்கள். ஒரு வெற்றிக்கு 2 புள்ளி என்றால், 14 வெற்றிக்கு 28 வந்திருக்க வேண்டும். அந்த அணிக்கு ஒரு படி மேலே, 15-வது இடத்தில் இருந்த நார்த் குயின்ஸ்லாந்து அணி மொத்த சீசனிலும் ஜெயித்தது வெறும் 5 ஆட்டங்கள். 5 ஜெயித்தவர்கள் மேலே, 14 ஜெயித்தவர்கள் கீழே!

அச்சுப்பிழை இல்லை. அந்த அணியின் பெயர் மெல்பர்ன் ஸ்டார்ம். சீசனின் ஏழாவது வாரத்திலிருந்து, எத்தனை ஆட்டம் ஜெயித்தாலும் ஒரு புள்ளிகூடக் கிடையாது என்று தெரிந்தே களமிறங்கி ஆடிய அணி அது.

கபடி தெரிந்தவர்களுக்கு எளிது

ரக்பியில் இரண்டு வகை உண்டு. உலகக்கோப்பையில் நியூசிலாந்து வீரர்கள் நாக்கை நீட்டி, தொடையைத் தட்டி ஆடும் ‘ஹாக்கா’ நடனத்தோடு நாம் டி.வி-யில் அதிகம் பார்ப்பது ரக்பி யூனியன். இந்தக் கதையில் வருவது ரக்பி லீக். அணிக்கு 13 பேர். ஆட்டம் 80 நிமிடம். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓட வேண்டும்; முன்னால் இருப்பவருக்கு வீசக் கூடாது, பின்னாலோ பக்கவாட்டிலோதான் கொடுக்கலாம். எதிரணியினர் மடக்கிப் பிடித்துக் கீழே தள்ளுவார்கள். ஆறு முறை மடக்கப்படுவதற்குள் எதிராளியின் எல்லைக்கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் பதித்துவிட்டால் 4 புள்ளி. இல்லையென்றால் பந்து எதிரணிக்குப் போய்விடும். கபடியில் ரெய்டு போகிறவரை மடக்கும் வேகமும் முரட்டுத்தனமும் தெரிந்தவர்களுக்கு இந்த ஆட்டம் சட்டென்று பிடிபட்டுவிடும். என்ன, இங்கே மூச்சுப் பிடித்துப் பாட வேண்டியதில்லை.

இந்த ஆட்டம் பிறந்ததே சம்பளத் தகராறில்தான். 1895-ல் வட இங்கிலாந்தில் ரக்பி ஆடியவர்களில் பலர் சுரங்கத்திலும் ஆலையிலும் வேலை பார்த்தவர்கள். சனிக்கிழமை ஆடப் போனால் அன்றைய கூலி போய்விடும். ‘அந்தக் கூலியையாவது கொடுங்கள்’ என்று கேட்டன வட பகுதி கிளப்கள். ‘காசுக்கு ஆடுவது கண்ணியமில்லை’ என்றது லண்டன் தலைமை. ஹடர்ஸ்ஃபீல்ட் நகரத்து ஹோட்டல் ஒன்றில் கூடிய வட பகுதி கிளப்கள் தனியே பிரிந்து போயின. அதுதான் பின்னாளில் ரக்பி லீக் ஆனது. 1908-ல் சிட்னியிலும் தொடர் தொடங்கிவிட்டது.

ஆடுகிறவனுக்குக் கூலி கொடுப்பதற்காகப் பிறந்த ஆட்டம், 115 ஆண்டுகள் கழித்து, கூலியை அதிகமாகக் கொடுத்த குற்றத்துக்காக ஓர் அணியைத் தண்டித்தது.

வேறு ஆட்டத்தின் ஊரில்

ரக்பி லீக் என்றால் ஆஸ்திரேலியாவில் அது சிட்னி, பிரிஸ்பேன் சமாச்சாரம். மெல்பர்ன் நகரத்துக்கு உயிர் ஏ.எஃப்.எல். எனப்படும் ஆஸ்திரேலிய கால்பந்து. அந்த ஊரில் 1998-ல் ஊதா நிற ஜெர்சியோடு வந்து இறங்கியது ஸ்டார்ம். ‘யார் பார்க்கப் போகிறார்கள்?’ என்ற கேள்விக்கு இரண்டாவது சீசனிலேயே பதில் கொடுத்தார்கள். 1999 இறுதிப் போட்டியில் செயின்ட் ஜார்ஜ் இல்லவாரா அணியை 20-18 என்று வென்று சாம்பியன் ஆனார்கள்.

அதன்பின் சில ஆண்டுகள் சுமார்தான். 2003-ல் க்ரெய்க் பெல்லமி பயிற்சியாளராக வந்த பிறகு அணியின் முகம் மாறியது. கறாரான மனிதர். புதிதாகச் சேரும் வீரர்களைக் கொஞ்ச நாள் கட்டட வேலை மாதிரியான உடலுழைப்பு வேலைக்கு அனுப்பிவிடுவது அவருடைய அணியில் வழக்கம். சாதாரண மனிதன் எப்படி ஒரு நாள் கூலி சம்பாதிக்கிறான் என்று தெரிந்துகொண்டு வந்தபிறகுதான் மற்றதெல்லாம்.

அவர் கையில் நான்கு இளைஞர்கள் வளர்ந்தார்கள். கேமரன் ஸ்மித், பார்க்க வங்கி ஊழியர் மாதிரி இருப்பார், ஆனால் களத்தில் அவருக்குத் தெரியாமல் ஒரு புல்கூட அசையாது. பில்லி ஸ்லேட்டர், ரக்பிக்கு வருமுன் பந்தயக் குதிரை லாயத்தில் வேலை பார்த்தவர். குதிரைகளிடமிருந்தே ஓடக் கற்றுக்கொண்டவர் போல ஓடுவார். கூப்பர் க்ராங்க், பயிற்சியிலேயே பொழுதைக் கழிக்கும் பிடிவாதக்காரர். க்ரெக் இங்லிஸ், பூர்வகுடி இனத்து இளைஞர், ஆளைத் தூக்கி எறிந்துவிட்டு ஓடக்கூடிய பலசாலி.

2006 முதல் 2009 வரை தொடர்ந்து நான்கு ஆண்டுகள் இறுதிப் போட்டிக்குப் போனது ஸ்டார்ம். 2006-ல் பிரிஸ்பேனிடம் தோல்வி. 2007-ல் மேன்லியை 34-8 என்று நொறுக்கிக் கோப்பை. 2008-ல் அதே மேன்லி 40-0 என்று திருப்பிக் கொடுத்தது. தடை காரணமாக அன்று கேப்டன் ஸ்மித் ஆடவில்லை. 2009-ல் பாராமட்டாவை 23-16 என்று வென்று மறுபடியும் கோப்பை.

எல்லோருக்கும் ஓர் ஆச்சர்யம் இருந்தது. இத்தனை நட்சத்திரங்களை ஒரே அணி எப்படிக் கட்டி வைத்திருக்க முடிகிறது?

இரண்டு கணக்கு நோட்டு

ஐ.பி.எல். ஏலம் பார்ப்பவர்களுக்குத் தெரியும். ஒவ்வோர் அணிக்கும் இவ்வளவுதான் செலவு செய்யலாம் என்று ஒரு தொகை உண்டு. பணக்கார அணி எல்லா நட்சத்திரங்களையும் அள்ளிக்கொண்டு போய்விடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு. ஆஸ்திரேலிய ரக்பி லீகிலும் இதே போலச் சம்பள உச்சவரம்பு உண்டு. 2010-ல் அது சுமார் 41 லட்சம் ஆஸ்திரேலிய டாலர். முழு அணியின் ஆண்டுச் சம்பளமும் அதற்குள் அடங்க வேண்டும்.

இந்த வரம்புதான் அந்தத் தொடரின் உயிர்நாடி. போன வருடம் கடைசியில் இருந்த அணி அடுத்த வருடம் முன்னால் வரலாம் என்ற நம்பிக்கையை ரசிகனுக்குக் கொடுப்பது இதுதான். ஆனால் இதற்கு ஒரு மறுபக்கமும் இருக்கிறது. கஷ்டப்பட்டு இளைஞர்களை வளர்க்கும் அணிக்கு அதுவே தண்டனையாகவும் ஆகிவிடும். 18 வயதில் குறைந்த சம்பளத்துக்கு வந்த பையன் 24 வயதில் நாட்டிலேயே சிறந்த வீரனாகிவிட்டால், அவனை வைத்துக்கொள்ள வரம்பு இடம் கொடுக்காது. நான்கு பேரும் ஒரே நேரத்தில் அப்படி வளர்ந்துவிட்டால்?

மெல்பர்ன் நிர்வாகம் குறுக்குவழியைத் தேர்ந்தெடுத்தது. சில வீரர்களுக்கு இரண்டு விதமான காகிதங்கள். ஒன்று, லீக் அலுவலகத்துக்குக் காட்டும் ஒப்பந்தம். இன்னொன்று, கூடுதல் பணமும் சலுகைகளும் தருவதாக உறுதி சொல்லும் ரகசியக் கடிதம். இரண்டாவது காகிதம் தனியாகப் பதுக்கி வைக்கப்பட்டிருந்தது. நம் ஊர் பாஷையில், வருமான வரிக்காரருக்கு ஒரு நோட்டு, வீட்டுக்கு ஒரு நோட்டு.

லீகின் சம்பளக் கணக்குத் தணிக்கையாளர் இயன் ஷூபர்ட், தானே முன்னாள் வீரர். அவருடைய விசாரணையில் இந்த இரட்டைக் கணக்கு வெளியே வந்தது. ஐந்து ஆண்டுகளில் குறைந்தது 17 லட்சம் டாலர் வரம்பை மீறிக் கொடுக்கப்பட்டிருக்கிறது என்பது முதல் கட்டக் கணக்கு.

ஏப்ரல் 22

அது ஒரு வியாழக்கிழமை. லீகின் தலைமை நிர்வாகி டேவிட் கேலப் செய்தியாளர்கள் முன் வந்து தண்டனையைப் படித்தார்.

2007, 2009 சாம்பியன் பட்டங்கள் பறிப்பு. 2006, 2007, 2008-ல் லீக் சுற்றில் முதலிடம் பிடித்ததற்கான பட்டங்களும் பறிப்பு. 5 லட்சம் டாலர் அபராதம். வாங்கிய பரிசுப் பணம் 11 லட்சம் டாலரையும் திருப்பிக் கொடுக்க வேண்டும். அது மற்ற 15 அணிகளுக்கும் சமமாகப் பிரித்துக் கொடுக்கப்படும். நடப்பு சீசனில் ஆறு வாரங்களில் நான்கு வெற்றிகள் மூலம் சேர்த்திருந்த 8 புள்ளிகளும் ரத்து. இனி இந்த சீசன் முடியும்வரை எந்த வெற்றிக்கும் புள்ளி கிடையாது.

கடைசி வரிதான் எல்லோரையும் உறைய வைத்தது. அதற்கு ஒரு காரணமும் இருந்தது. அந்த வருடமும் ஸ்டார்ம் வரம்புக்கு மேலேதான் செலவு செய்துகொண்டிருந்தது. சீசன் நடுவில் ஒப்பந்தம் போட்ட வீரர்களை வெளியே அனுப்பிச் செலவைக் குறைக்கவும் வழியில்லை. வரம்பை மீறிய அணி புள்ளி எடுத்தால், ஒழுங்காக இருக்கும் மற்றவர்களுக்கு அநியாயம். சரி, அணியை வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்றால், ஒவ்வொரு வாரமும் ஓர் எதிரணிக்கு ஆட்டம் இல்லாமல் போகும், டி.வி. ஒப்பந்தம் சிக்கலாகும், அட்டவணை குலையும். ஆகவே ஆட வேண்டும். ஆனால் எதுவும் கிடைக்காது.

சென்னை சூப்பர் கிங்ஸ் அணிக்கு இரண்டு ஆண்டு தடை வந்தபோது நம் ரசிகர்கள் பட்ட பாடு தெரியும். அந்த இரண்டு வருடமும் மஞ்சள் ஜெர்சி களத்திலேயே இல்லை. வீரர்கள் வேறு அணிகளுக்குப் போய் ஆடினார்கள். மெல்பர்னுக்குக் கிடைத்தது வேறு விதமான தண்டனை. வாராவாரம் அதே ஜெர்சியைப் போட்டுக்கொண்டு, ஊர் பார்க்க வந்து நிற்க வேண்டும்.

இதில் இன்னொரு வினோதம், அணியின் உரிமையாளர் நியூஸ் லிமிடெட் நிறுவனம். அதே நிறுவனம்தான் லீகிலும் பாதிப் பங்குதாரர். தண்டித்தவரும் தண்டனை பெற்றவரும் ஒரே வீட்டுக்காரர்கள்! நிறுவனம் முழுப் பழியையும் அணியின் முன்னாள் தலைமை நிர்வாகி மீது போட்டது. அவர் அதற்குள் வேறோர் அணியின் பொறுப்புக்குப் போயிருந்தார். அந்தப் பதவியிலிருந்தும் விலகினார்.

அறிவிப்பை அடுத்துப் பயிற்சி மைதானத்தில் பெல்லமி பேச வந்தார். அவருக்குப் பின்னால் வீரர்களும் அணி ஊழியர்களும் திரண்டு நின்றார்கள். எழுதி வைத்திருந்ததைத் தழுதழுத்த குரலில் படித்தார். கேள்விகளுக்கு இடம் கொடுக்கவில்லை. அவர் முகத்தைவிடப் பின்னால் நின்றவர்களின் முகங்கள்தான் மறுநாள் செய்திகளில் அதிகம் பேசின. ஆறு மாதங்களுக்கு முன் கோப்பையோடு சிரித்த அதே முகங்கள்.

மூன்று நாளில் ஓர் ஆட்டம்

அழுவதற்கும் நேரமில்லை. மூன்றே நாளில், ஏப்ரல் 25 ஞாயிற்றுக்கிழமை, நியூசிலாந்து வாரியர்ஸ் அணியோடு ஆட்டம். அது ஆன்சாக் தினம். முதல் உலகப்போரில் கல்லிப்போலி கரையில் இறங்கிய ஆஸ்திரேலிய, நியூசிலாந்து வீரர்களை இரண்டு நாடுகளும் நினைவுகூரும் நாள். வருடத்தின் முக்கியமான ஆட்டங்களில் ஒன்று.

யார் வருவார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. ரக்பி லீக் ஊரல்லாத ஊரில், ‘ஏமாற்றுக்காரர்கள்’ என்று நாடே முத்திரை குத்திய அணியை, புள்ளியே இல்லாத ஆட்டத்தில் பார்க்கக் காசு கொடுத்து யார் வருவார்கள்?

20,000 பேருக்கு மேல் வந்தார்கள். ஊதா நிறம் போர்த்திக்கொண்டு வந்தார்கள்.

ஸ்டார்ம் அன்று 40-6 என்று ஜெயித்தது. வாரியர்ஸ் ஒன்றும் சாதாரண அணி இல்லை. சீசன் முடிவில் ஐந்தாவது இடத்தில் இருந்தவர்கள். மூன்று நாட்கள் அடக்கி வைத்திருந்ததையெல்லாம் அந்த 80 நிமிடத்தில் இறக்கி வைத்தது போல ஆடினார்கள். ஆட்டம் முடிந்ததும் ஸ்கோர்போர்டில் 40. புள்ளிப்பட்டியலில் 0.

முதல் வாரம் சுலபம்

கோபத்தில் ஓர் ஆட்டம் ஜெயித்துவிடலாம். அதற்கப்புறம் இருந்த 17 ஆட்டங்கள்தான் கஷ்டம்.

மே மாதம் ஸ்டார்முக்குப் புது வீடு தயாரானது. சோப்பு நுரைக் குமிழ்களை ஒட்டவைத்தது போன்ற கூரையோடு மெல்பர்னில் கட்டப்பட்ட ஆமி பார்க் மைதானம். வேறு எந்த வருடமாக இருந்தாலும் அது அணியின் திருவிழாவாக இருந்திருக்கும். இரண்டு சாம்பியன் பட்டங்களோடு நுழைந்திருக்க வேண்டிய வீட்டுக்குள், பறிகொடுத்தவர்களாக நுழைந்தார்கள். அங்கே ஆடிய முதல் ஆட்டத்தில் பிரிஸ்பேனிடம் தோற்கவும் செய்தார்கள்.

ஆட்டத்தின் முரட்டுத்தனத்தையும் இங்கே யோசிக்க வேண்டும். இது செஸ் இல்லை. ஒவ்வொரு வாரமும் 100 கிலோ எடையுள்ள ஆட்கள் முழு வேகத்தில் வந்து மோதுவார்கள். தோள் இறங்கும், முழங்கால் திருகும், தலை சுற்றும். ஏதோ ஒரு கோப்பைக்காக என்றால் வலியைத் தாங்கலாம். ஜூலை மாதக் குளிரில், மழைச் சேற்றில், எதற்குமே இல்லாமல் அந்த மோதலுக்குள் உடம்பைக் கொடுப்பது வேறு. ஏற்ற இறக்கம் இருந்தது. தண்டனைக்குப் பிறகு ஆடிய 18 ஆட்டங்களில் 10 வெற்றி, 8 தோல்வி. முந்தைய வருடங்களின் ஸ்டார்ம் இல்லை இது. ஆனால் கையை விரித்துவிட்ட அணியும் இல்லை.

எதிரணிகளுக்கும் இது ஒரு தர்மசங்கடம். ஸ்டார்மை ஜெயித்தால் அவர்களுக்கு வழக்கம் போல 2 புள்ளி. தோற்றால் ஒன்றும் இல்லை. அதாவது, ஸ்டார்முக்கு ஆட்டத்தில் எதுவும் இல்லாவிட்டாலும், அடுத்த சுற்றுக்குப் போட்டி போடும் அணிகளின் தலையெழுத்து ஸ்டார்ம் எவ்வளவு தீவிரமாக ஆடுகிறது என்பதில் இருந்தது. ஒரு வாரம் உயிரைக் கொடுத்து ஆடி, மறுவாரம் சும்மா ஆடினால், மொத்தத் தொடரின் நேர்மையும் போய்விடும். ஏமாற்றியதற்காகத் தண்டனை பெற்ற அணியை நம்பித்தான் அந்த சீசனின் நியாயம் இருந்தது.

நடுவில், குயின்ஸ்லாந்துக்கும் நியூ சௌத் வேல்ஸுக்கும் நடக்கும் ‘ஸ்டேட் ஆஃப் ஆரிஜின்’ தொடர் வந்தது. ஆஸ்திரேலியாவே டி.வி. முன் உட்காரும் மூன்று ஆட்டங்கள். ஸ்மித், ஸ்லேட்டர், இங்லிஸ் எல்லோரும் குயின்ஸ்லாந்துக்காக ஆடினார்கள். குயின்ஸ்லாந்து 3-0 என்று துடைத்தெறிந்தது. தொடரின் சிறந்த வீரர் பில்லி ஸ்லேட்டர். நாட்டின் மிகப் பெரிய மேடையில் மாலை மரியாதை வாங்கிக்கொண்டு, மறுவாரம் பூஜ்யத்துக்கு ஆட மெல்பர்னுக்குத் திரும்ப வேண்டும்.

ஜூலை மாதம் முழுத் தணிக்கை அறிக்கை வந்தது. முதலில் சொன்ன 17 லட்சம் தப்பு. மீறல் 30 லட்சம் டாலரைத் தாண்டியது. பதிமூன்று வீரர்களுக்குக் கணக்கில் காட்டாத பணம் போயிருந்தது. தண்டனை அதிகம் என்று வழக்குப் போட்டிருந்த இயக்குநர்களை நியூஸ் லிமிடெட் வெளியேற்றியது, வழக்கும் நின்றுபோனது. ‘எங்கள் பையன்கள் பாவம்’ என்று பேசிக்கொண்டிருந்த ரசிகர்களுக்கு அந்த அறிக்கை கசப்பு மருந்து.

வீரர்களுக்குத் தெரியாதா?

இந்தக் கேள்வியை யாரும் தவிர்க்க முடியாது. வீரர்கள் யாரும் தண்டிக்கப்படவில்லை. தங்களுக்கு வரும் பணத்தை நிர்வாகம் எப்படிக் கணக்கு எழுதுகிறது என்பது ஆடுகிறவருக்குத் தெரிய வேண்டியதில்லை என்பது ஒரு வாதம். நியாயமான வாதம்தான். ஆனால் பணம் வந்தது அவர்கள் வீட்டுக்குத்தான். இரண்டு காகிதத்தில் கையெழுத்துப் போடுகிறவனுக்கு, ஏன் இரண்டு என்று ஒரு நாளாவது தோன்றியிருக்காதா என்று சிட்னியில் கேட்டவர்களையும் குறை சொல்ல முடியாது.

மேன்லியும் பாராமட்டாவும் என்ன பாவம் செய்தன? 2007-லும் 2009-லும் விதிக்குள் அணி கட்டி, இறுதிவரை வந்து, விதியை மீறிய அணியிடம் தோற்றார்கள். பறித்த பட்டங்கள் அவர்களுக்கும் கொடுக்கப்படவில்லை. அந்த இரண்டு வருடங்களுக்குச் சாம்பியன் இடம் காலியாகவே விடப்பட்டது. பாராமட்டா கடைசியாகக் கோப்பை வென்றது 1986-ல். 2009-ல் ஊரே திரண்டு வந்து பார்த்த இறுதிப் போட்டியை யார் அவர்களுக்குத் திருப்பிக் கொடுப்பது?

இதே பாராமட்டா 2016-ல் சம்பள வரம்பை மீறி மாட்டிக்கொண்டு 12 புள்ளிகளை இழந்தது. 10 லட்சம் டாலர் அபராதமும் கட்டியது. அதற்கு முன்பே, 2002-ல் பட்டியலில் முதலிடத்தில் இருந்த கேன்டர்பரி புல்டாக்ஸ் இதே குற்றத்துக்காக 37 புள்ளிகளைப் பறிகொடுத்துக் கடைசிக்குப் போனது. ஆக, மெல்பர்ன் மட்டும் தனிப்பிறவி இல்லை. மாட்டியவர்களில் மிகப் பெரியவர்கள், அவ்வளவுதான்.

கடைசி ஞாயிறு

செப்டம்பர் 5. சீசனின் கடைசி ஆட்டம், நியூகாசில் அணியோடு. மற்ற எட்டு அணிகள் அடுத்த வாரத்து ப்ளே-ஆஃப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தன. ஸ்டார்முக்கு இதோடு கதவு சாத்தப்படுகிறது.

உண்மையில் அது ஒரு பிரிவுபசாரம். அடுத்த வருடம் ஸ்டார்ம் வரம்புக்குள் வந்தாக வேண்டும். அப்படியென்றால் வீட்டில் உள்ளதை விற்றாக வேண்டும். ரயன் ஹாஃப்மன், ஜெஃப் லிமா இருவரும் இங்கிலாந்தின் விகன் அணிக்கு. ப்ரெட் வைட் கான்பெராவுக்கு. ஏய்டன் டோல்மன் புல்டாக்ஸுக்கு. நான்கு பெரிய நட்சத்திரங்களில் மூவரைத்தான் வைத்துக்கொள்ள முடிந்தது. ஸ்மித், ஸ்லேட்டர், க்ராங்க் தங்கினார்கள். க்ரெக் இங்லிஸ் கிளம்பினார். சிட்னியின் சௌத் சிட்னி அணி அவரை எடுத்துக்கொண்டது.

34-4 என்று நியூகாசிலை வென்றார்கள். கடைசி நாள் வரைக்கும் ஜெயித்துத்தான் முடித்தார்கள். ஓய்வு வாரங்களுக்கான புள்ளிகளையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்தால் அந்த சீசனில் 32 வந்திருக்கும். ஐந்தாவது இடம், ப்ளே-ஆஃப் நிச்சயம். ஆனால் கையில் கிடைத்தது, கடைசி இடம் பிடிக்கும் அணியைக் கேலியாகச் சொல்லும் ‘மரக்கரண்டி’. அந்த வருடக் கோப்பையை செயின்ட் ஜார்ஜ் இல்லவாரா எடுத்துக்கொண்டு போனது.

இத்தோடு இந்த அணி முடிந்தது என்று எழுதியவர்கள் நிறைய. நட்சத்திரங்கள் போயாயிற்று, சில ஸ்பான்சர்கள் விலகியாயிற்று, பெயர் கெட்டாயிற்று. ஏ.எஃப்.எல். ஊரில் இனி இவர்களை யார் சீண்டுவார்கள்?

ஆனால் 2011-ல் ஒன்று நடந்தது. பெரிய பெயர்கள் போன இடங்களில் மற்ற அணிகள் கைகழுவிய வீரர்களையும், பெயர் தெரியாத இளைஞர்களையும் கொண்டுவந்து நிரப்பினார் பெல்லமி. எல்லாம் வரம்புக்குள், தணிக்கையாளர்களின் கண் முன்னால். லீக் சுற்று முடிவில் பட்டியலின் முதலிடத்தில் நின்றது மெல்பர்ன். முந்தைய வருடம் 16, இந்த வருடம் 1. ஆனாலும் இறுதிப் போட்டிக்கு முந்தைய ஆட்டத்தில் வாரியர்ஸிடம் 20-12 என்று தோற்று வெளியேறினார்கள். ஆன்சாக் தினத்தன்று 40 வாங்கிக்கொண்டு போன அதே வாரியர்ஸ்!

பறிக்கப்பட்ட இறுதிப் போட்டிகளின் பதிவேட்டை இன்று எடுத்துப் பார்த்தால் ஒரு விசித்திரம் தெரியும். 2007: சாம்பியன் யாரும் இல்லை. ஆனால் இறுதி ஆட்டத்தின் சிறந்த வீரருக்கான க்ளைவ் சர்ச்சில் மெடல், க்ரெக் இங்லிஸ். 2009: சாம்பியன் யாரும் இல்லை. மெடல், பில்லி ஸ்லேட்டர். யாரும் ஜெயிக்காத ஆட்டத்தின் ஆட்ட நாயகர்கள். அந்த இரண்டையும் சேர்த்தே எண்ணிச் சொல்லும் மெல்பர்ன் ரசிகர்கள் இன்னமும் இருக்கிறார்கள். சிட்னிக்காரரிடம் சொன்னால் சண்டைதான் வரும்.

இங்லிஸுக்குத் தன் பெயரில் நிலைக்கும் கோப்பை 2014-ல் சௌத் சிட்னியில் கிடைத்தது. 43 வருடமாக அந்த கிளப் காத்துக்கிடந்த கோப்பை அது.

மெல்பர்னில் தங்கிய மூவருக்கு அவ்வளவு காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. 2012 செப்டம்பர் 30, சிட்னி. எதிரே கேன்டர்பரி புல்டாக்ஸ், புள்ளி பறிபோவதென்றால் என்னவென்று தெரிந்த இன்னோர் அணி. ஸ்டார்ம் 14-4 என்று வென்றது. க்ராங்க் ஆட்ட நாயகன். ஸ்மித் கோப்பையைத் தூக்கினார்.

அந்தக் கோப்பையை யாரும் திருப்பிக் கேட்கவில்லை.